துண்டு கட்டிய டிரம்

ஞாயிற்றுக்கிழமை வருகிறது என்று நினைத்தாலே பம்பரத்துக்குக் கால் வலிக்க ஆரம்பித்துவிடும்.

பம்பரம் என்பது அப்பா வைத்த பட்டப்பெயர். சின்ன வயதில் ஓரிடத்தில் நிற்காமல் சுற்றுவாளாம். இப்போது வயது பத்து. காலையில் எழுப்பினால் எழுந்து உட்கார்ந்து, சுவரில் சாய்ந்து இன்னொரு தூக்கம் போடுவாள்.

"பம்பரத்துக்குக் கயிறு அறுந்துபோச்சு" என்று அம்மா சிரிப்பாள். அதையும் கொட்டாவி விட்டுக்கொண்டேதான் சொல்லுவாள்.

அவர்கள் போகும் சபைக்குச் சொந்தக் கட்டடம் இல்லை. ஒரு மூன்றாம் மாடி மண்டபத்தை ஞாயிறு காலைக்கு மட்டும் வாடகைக்கு எடுத்திருந்தார்கள். மற்ற நாட்களில் அங்கே நடன வகுப்பு. அதனால் எண்பது நாற்காலி, பிரசங்க மேசை, பாட்டுப் புத்தக மூட்டை, டிரம் என்று எல்லாவற்றையும் அப்பாவின் சரக்கு வண்டியில் கொண்டுவந்து மேலே ஏற்ற வேண்டும். ஆராதனை முடிந்ததும் மறுபடி கீழே இறக்க வேண்டும். லிஃப்ட் இருந்தது. அதில் 'பழுது' என்று ஒரு அட்டையும் தொங்கியது. அந்த அட்டைக்கே நாலு வயது இருக்கும்.

இரண்டாம் மாடியில் பரீட்சைக்குப் படிக்கிறவர்களின் பயிற்சி வகுப்பு. ஞாயிற்றுக்கிழமையும் உண்டு. சத்தம் வந்தால் அங்கிருந்து ஆள் வந்துவிடும். அதனால் மேலே மைக் கிடையாது, எல்லோரும் மெதுவாகப் பாட வேண்டும். டிரம்மைச் சுற்றிக்கூட ஒரு தடித் துண்டு. வாசிக்கிற அண்ணன் முடிவெட்டும் கடையில் வேலை பார்க்கிறவர். துண்டுக்குப் பஞ்சமில்லை.

"இது டிரம் இல்ல, தலையணை" என்று அவர் அலுத்துக்கொள்வார். "நமக்குன்னு ஒரு கட்டடம் வரட்டும். மொத வேலையா இந்தத் துண்டைக் கழட்டிக் கடாசறேன்."

அந்தக் கட்டடத்துக்காகத்தான் ஆறு வருஷமாகப் பணம் சேர்த்தார்கள். வண்டி கழுவினார்கள். வீடு வீடாகப் போய்ப் பழைய பேப்பர் வாங்கி விற்றார்கள். அம்மா வாரம் முழுக்கச் சலவைக் கடையில் நின்றபடி இஸ்திரி போட்டுவிட்டு, சனிக்கிழமை விற்பனைக்குக் கேக் சுடுவாள். மாவைச் சலிப்பதும், அட்டைப்பெட்டி மடிப்பதும், தெருமுனையில் நின்று "கேக்! கேக்!" என்று கூவுவதும் பம்பரத்தின் வேலை. இப்போதெல்லாம் யாராவது பிறந்தநாளுக்குக் கேக் கொடுத்தால் அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

கடைசியில் ஒரு இடம் அகப்பட்டது. மூடிப்போன ஒரு பழைய அச்சகம். தரைத்தளம்! ஒரு படிகூட ஏற வேண்டாம். அச்சகக்காரர் பக்கத்துச் சுவரை ஒட்டிய வீட்டிலேயே குடியிருந்தார். அவர் ஒரு விலை சொன்னார். கையிருப்பும் ஏறக்குறைய அவ்வளவுதான். போதகர் சந்தோஷமாகத் திரும்பி வந்தார்.

அடுத்த வாரம் அச்சகக்காரர் விலையை ஏற்றினார். அதற்கடுத்த வாரம் இன்னும் ஏற்றினார்.

"இன்னொரு தடவை பேசிப் பார்ப்போம்" என்றார் போதகர். ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவரும் அப்பாவும் அம்மாவும் கிளம்பினார்கள். வீட்டில் தனியாக விட முடியாது என்று பம்பரத்தையும் பள்ளிச் சீருடையோடு வண்டியில் ஏற்றிக்கொண்டார்கள்.

பெரியவர்கள் உள்ளே மெல்லிய குரலில் பேரம் பேசினார்கள். பம்பரம் வாசல் படியில் உட்கார்ந்தாள். கண் சொக்கியது. தூங்கிவிடக் கூடாது என்று சுற்றுமுற்றும் பார்க்க ஆரம்பித்தாள்.

அழைப்பு மணிக்குள் பஞ்சு அடைத்திருந்தது. அச்சகக்காரர் உட்கார்ந்திருந்த நாற்காலியின் நாலு காலுக்கும் பழைய காலுறை மாட்டியிருந்தது. அதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்தது. தண்ணீர் எடுத்து வருவதற்காக அவர் எழுந்தபோது, பூனை மாதிரி நடந்தார். கதவை ஒரு கையால் பிடித்து, மூச்சே விடாமல் சாத்தினார்.

பம்பரம் மெதுவாக அவர் பின்னால் போனாள்.

"தாத்தா..."

"தாத்தாவா? மாமான்னு கூப்பிடு. எனக்கு இன்னும் முடி முழுசா நரைக்கல" என்றார் அவர் கிசுகிசுப்பாக.

"மாமா, வீட்ல யாராச்சும் தூங்குறாங்களா?"

அவர் கையிலிருந்த செம்பு அப்படியே நின்றது. "ஏம்மா கேக்கறே?"

"நாற்காலிக்கெல்லாம் சாக்ஸ் போட்டிருக்கீங்களே."

அவர் மாடி ஜன்னலைப் பார்த்தார். "என் வீட்டுக்காரிக்கு உடம்பு சரியில்ல. தலையில ஆபரேஷன் ஆச்சு. அதிலேர்ந்து சத்தமே ஆகாது. கதவு டப்புன்னு சாத்தினா அழுதுடுவா. பக்கத்துல அடியும் கொட்டும் மைக்கும் வந்தா அவ என்ன ஆவா?"

"இதை எங்க போதகர் ஐயாகிட்டச் சொல்லியிருக்கலாமே?"

"சாமி கும்பிட இடம் கேட்டு வர்றவங்ககிட்ட முடியாதுன்னு எப்படிச் சொல்றது? விலையை ஏத்தினா நீங்களே போயிடுவீங்கன்னு பார்த்தேன். நீங்க போக மாட்டேங்கிறீங்க!"

"போக எங்களுக்கு வேற இடம் இல்ல மாமா" என்றாள் பம்பரம். பிறகு யோசித்துச் சொன்னாள்: "நாங்க சத்தமே போட மாட்டோம். வேணும்னா ஞாயித்துக்கிழமை எங்க மண்டபத்துக்கு வந்து கேட்டுப் பாருங்க. ஒன்பது மணிக்கு."

திரும்பும்போது வண்டியில் எல்லாவற்றையும் சொன்னாள். "உங்களைக் கேக்காம கூப்பிட்டுட்டேன். தப்பா ஐயா?"

போதகர் இல்லை என்று தலையாட்டினார். "பேராசைக்காரர்னு நினைச்சேனே" என்று மட்டும் சொன்னார்.

ஞாயிறு வந்தது. நாற்காலி ஏறியது. ஒன்பது மணிக்கு ஆராதனை தொடங்கியது. அச்சகக்காரரைக் காணவில்லை. பம்பரம் கதவை விலக்கி எட்டிப் பார்த்தாள். மூன்றாம் மாடிப் படி முடிகிற இடத்தில் அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றிருந்தார்.

"என்னம்மா, ஒன்பதுன்னு சொன்னே. இன்னும் ஆரம்பிக்கலியா?"

"மூணாவது பாட்டு போயிட்டிருக்கு மாமா!"

அவர் நம்பவில்லை. கதவில் காதை வைத்தார். தலையை உள்ளே நீட்டிப் பார்த்தார். எண்பது பேர் வாயசைத்துப் பாடிக்கொண்டிருந்தார்கள். டிரம் அண்ணன் வேர்க்க விறுவிறுக்க வாசித்துக்கொண்டிருந்தார். துண்டிலிருந்து தொப் தொப் என்று தூசிதான் பறந்தது.

அச்சகக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அப்படியே உள்ளே வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார்.

ஆராதனை முடிந்ததும் போதகர் அவரிடம் வந்தார். "உங்க வீட்டம்மா நிலைமை தெரியாமப் போச்சுங்க. நீங்க இடம் கொடுத்தாலும் கொடுக்காட்டாலும் ஒண்ணு சொல்லிடறேன். அங்க வந்தாலும் மைக் வைக்க மாட்டோம். துண்டும் அப்படியேதான் இருக்கும்."

டிரம் அண்ணனின் முகம் தொங்கிப்போயிற்று. துண்டைத் தடவிப் பார்த்தார். பெருமூச்சு விட்டார்.

"அந்த அம்மாவுக்காகன்னா சரிதான்" என்றார். "துவைச்சாவது கட்டிக்கறேன்."

"மொதல்ல சொன்ன விலைக்கே எடுத்துக்குங்க" என்றார் அச்சகக்காரர். சொன்ன கையோடு ஒரு நாற்காலியைத் தூக்கினார். இரண்டாம் மாடியிலேயே இறக்கி வைத்து மூச்சு வாங்கினார். "ஆறு வருஷமா இதையா செய்யறீங்க?"

இரண்டு மாதம் கழித்து, ஒரு வியாழக்கிழமை மதியம், பத்திரம் பதிவானது. பதிவு அலுவலகத்தில் நாலு மணி நேரம் கால் கடுக்க நின்றவர்கள் நேராக அச்சகத்துக்கு வந்தார்கள். போதகர் பூட்டைத் திறந்தார். உள்ளே ஒரு முழத்துக்குத் தூசி. மூலைக்கு மூலை அச்சு மையின் கறை. கூரையில் ஒட்டடை.

யாரும் ஆர்ப்பாட்டம் செய்யவில்லை. அதற்குத் தெம்பில்லை. அப்பா சுவரில் சாய்ந்து வழுக்கியபடியே தரையில் உட்கார்ந்தார். பக்கத்தில் டிரம் அண்ணன். அம்மா செருப்பைக் கழற்றி, வீங்கிய பாதத்தை நீட்டி, இரண்டே நிமிடத்தில் கண்ணயர்ந்தாள். பம்பரம் அவள் மடியில் தலைவைத்துக்கொண்டாள்.

போதகருக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. எங்கிருந்தோ ஒரு துடைப்பத்தை எடுத்துவந்தார். "எல்லாரும் எழுந்திருங்க. வெளிச்சம் இருக்கும்போதே கூட்டி முடிச்சிடலாம்."

ஒருவரும் அசையவில்லை.

"ஐயா" என்றாள் பம்பரம், கண்ணைத் திறக்காமலே. "நாளைக்குக் கூட்டிக்கலாம். இது எங்கயும் போகாது."

போதகர் துடைப்பத்தைப் பார்த்தார். சுவர்களைப் பார்த்தார். பிறகு துடைப்பத்தை மெதுவாக, சத்தமில்லாமல் கீழே வைத்துவிட்டு, அவர்களோடு தானும் உட்கார்ந்தார்.