சதை இருக்குதுங்களே

சனிக்கிழமை சாயங்காலம் சுத்தமாகச் சுரண்டி உப்புத் தடவி மேசைமேல் விரித்து வைத்த கடமான் தோலின் உட்புறத்தில், ஞாயிற்றுக்கிழமை காலையில் மறுபடியும் சதை இருந்தது.

சோணைமுத்து விரலை வைத்துப் பார்த்தான். மெல்லிய, ஈரமான, இளஞ்சிவப்புச் சதை. வெதுவெதுவென்று இருந்தது. வீரபாண்டிச் சாயப்பட்டறைக்கு அன்று விடுமுறை. மிஷின்கள் வாயை மூடிக் கிடக்க, குழாய் சொட்டும் சத்தமும், சாய வாடையும், அதற்கடியில் அப்போதுதான் அறுத்த ஆட்டின் வாடையும் மட்டும் கொட்டகையில் உலாவிக்கொண்டிருந்தன.

மானைச் சுட்டவர் முதலாளி ஆத்தப்பன். பாடம் பண்ணி ஆபீசில் நிறுத்த அவருக்கு ஆசை. வெளியாளிடம் கொடுத்தால் வனத்துறை வரும். சோணைமுத்து ஒருகாலத்தில் திண்டுக்கல் தோல் ஷாப்பில் தோல் பதனிட்டவன் என்பதால் அவன் தலையில் கட்டிவிட்டார். உப்புக் கேட்டபோது, "சாயப்பட்டறையில உப்புக்கா பஞ்சமுங்க?" என்று அவர் காட்டியது, சாயக் கழிவுநீரைக் காய்ச்சி எடுத்த மூட்டையை.

"மொதலாளி, நேத்தே சுத்தமாச் சொரண்டிட்டேன். மக பிரசவத்துக்கு நிக்கிறா. ஊருக்குப் போகணும்."

ஆத்தப்பன் குனிந்து பார்த்தார். "சதை இருக்குதுங்களே சோணைமுத்து. பொய் சொல்லாதீங்க. வேலைய முடிச்சுப்போட்டு லீவு எடுத்துக்கங்க."

கழுத்தை அறுத்தாலும் 'ங்க' போட்டுத்தான் அறுப்பார். போய்விட்டார்.

செல்போனில் மனைவி ஒச்சாயி. "எங்கய்யா இருக்க? புள்ள வலியில கத்துறா!"

"இந்தா, பஸ் ஏறிட்டேன்."

கத்தியை எடுத்தான். ஒரு இழுப்புக்கு ஒரு வசவு. முதலாளிக்கு ஒன்று, துப்பாக்கிக்கு ஒன்று, செத்த பிறகும் ஓவர்டைம் வாங்கும் மானுக்கு இரண்டு. வாளி நிறைந்தது, தோல் வெள்ளை வெளேரென்று ஆனது. பீடி பற்றவைத்துவிட்டுத் திரும்பினான்.

சதை. இந்த முறை விரல் தடிமன்.

பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் வேகமாகச் சுரண்டினான். இடுப்பில் கைலி நழுவியது. இறுக்கிக் கட்டினான். மறுபடி நழுவியது. ஆத்திரத்தில் அது எதுவும் உறைக்கவில்லை.

மூன்றாவது வாளி.

தோல் மெல்ல எழும்பியது. தாழ்ந்தது. எழும்பியது.

கத்தி கையில் நிற்கவில்லை. விரல்களில் பிடிப்பில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். எதிரே வயிற்றுக் கீறல் தையலில்லாமல் மூடிக்கொண்டது. தொங்கிய கால்கள் தரையைத் தேடின. குளம்பு. இன்னொரு குளம்பு.

நாலு மணிக்கு ஆத்தப்பன் வந்தார். மேசையருகே நின்றிருந்த மானைச் சுற்றிச் சுற்றி வந்தார். தொடையைத் தட்டினார்.

"அடேயப்பா! என்ன சதைப்பிடிப்புங்க! உசிரோட நிக்கற மாதிரியே இருக்குது. சரி, லீவு குடுத்தாச்சு. எந்திரிங்க சோணைமுத்து, கெளம்புங்க."

மூலையில் கிடந்தவனை அவர் திரும்பிப் பார்க்கவில்லை. சோணைமுத்துவின் கைகளும் கால்களும் பிழிந்து போட்ட பனியன் துணியாக மடிந்து கிடந்தன. வலியே இல்லை. கோபம் மட்டும் இருந்தது.

எந்திரி என்று தன் காலுக்குச் சொன்னான்.

கடமானின் முன்னங்கால் எழுந்தது.