முதுகுக் காப்பு

நூல் நீண்டிருந்தது.

முந்தின நாள் சாயங்காலம் நான்கு விரற்கடை விட்டு மிவாகோ தன் கையால்தான் அதை நறுக்கியிருந்தாள். காலையில் திரையை விலக்கிவிட்டுப் பார்த்தபோது சட்டத்தின் நடுவிலிருந்து அது ஏழு விரற்கடை தொங்கியது. விரலை வைத்து இரண்டு தரம் அளந்தாள். கானாசாவாவில் பனிக்காலம் என்றால் துவைத்த துணி மூன்று நாளானாலும் காயாது. பட்டு அந்த ஈரத்தைக் குடித்துக் கொஞ்சம் தொய்யும். கொஞ்சம்தான். மூன்று விரற்கடை தொய்ந்த பட்டை இந்த ஏழு வருடத் தொழிலில் அவள் பார்த்ததில்லை.

நூலின் நுனி ஈரமாக இருந்தது.

கிமோனோ என்கிற பழைய ஜப்பானிய அங்கிகளைப் பிரித்துத் துவைத்து, மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி, சுவரில் மாட்டுகிற அலங்காரமாக ஆக்குவது அவள் தொழில். இப்போது சட்டத்தில் இருந்தது ஒரு கைக்குழந்தையின் உடுப்பு. அவுரி நீலம், ஓரங்களில் வெளுத்த பட்டு. கழுத்துக்குக் கீழே ஒன்பது சிவப்புத் தையல், அதிலிருந்து தொங்கும் அந்த வால்.

பெரியவர்களின் கிமோனோவில் முதுகுத்தண்டின் மேலேயே ஒரு தையல் ஓடும். பின்னாலிருந்து வருவதை அது பார்த்துக்கொள்ளும் என்பார்கள். குழந்தைக்கு ஒரே அகலத் துணி போதும்; நடுவில் தையல் விழாது. முதுகு காவலில்லாமல் கிடக்கும். அதனால் பெற்றவள் கழுத்தருகே சிவப்பு நூலால் ஒன்பது தையல் போட்டு வாலைத் தொங்கவிடுவாள். அதுதான் முதுகுக் காப்பு. பிள்ளை தண்ணீரில் விழுந்தாலும் நெருப்பில் விழுந்தாலும் சாமி அந்த வாலைப் பிடித்து வெளியே இழுத்துவிடும்.

இந்த நீலத் துணியில் காப்பு இருந்ததில்லை. மிவாகோதான் வைத்தாள், தமாகியின் துணியிலிருந்து திருடி.

தமாகியும் அவளும் ஒரே கலைக்கல்லூரி, ஒரே வகுப்பு. மிவாகோவின் அம்மா மீன் சந்தையில் நண்டுகளை ஐஸில் அடுக்கிப் பெட்டி கட்டுகிறவள். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் மிவாகோ. மிதித்த நாளிலிருந்து சட்டையில் நண்டு வாசம் வீசுகிறதா என்று முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வகுப்புக்குள் போவாள். தமாகிக்கு அந்தக் கவலை எதற்கு? வாய்க்கால் தண்ணீரையே மதிலுக்கு அடியில் திருப்பித் தோட்டத்துக்குள் ஓடவிட்ட பழைய வீடு அவளுடையது. கிடங்கைத் திறந்தால் பட்டு. வாங்க வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்பார்கள்: "இது யாரு போட்டுக்கிட்டது?" தமாகி பெயர் சொல்லுவாள், வருடம் சொல்லுவாள், போட்டோகூடக் காட்டுவாள். மிவாகோவின் துணியெல்லாம் கோயில் சந்தையில் தரையில் விரித்து விற்கிற துணி. யாருடையதும் இல்லை.

வெந்நீர் ஊற்றுப் பக்கம் புதிதாகக் கட்டிய விடுதி ஒன்று பன்னிரண்டு அறைகளுக்கும் ஒரே ஆளின் வேலைப்பாடு வேண்டும் என்று கேட்டிருந்தது. கடைசியில் இரண்டு பெயர் மிஞ்சியது. அவள், தமாகி. அந்த நேரத்தில்தான் தமாகி தன் வீட்டுக் குழந்தை உடுப்பு ஒன்றை எடுத்துக்கொண்டு அவளிடமே வந்தாள்.

"இழுத்துக் கட்டறதுல உன் கை எனக்கு வராதுடி. என்னோடதையும் நீயே கட்டிக் குடு."

"நாம ரெண்டு பேரும் போட்டில இருக்கோம். ஞாபகம் இருக்கா?"

"இருந்தா என்ன? நீ என்ன ஏமாத்தற ஆளா?" தமாகி சிரித்தாள். "அந்தக் காப்ப மட்டும் தொட்டுடாத. எங்க வீட்ல நாலு தலைமுறைப் பொண்ணுங்க முதுகுல இருந்தது. என் பொண்ணு கொதோனேவும் மொத பொறந்தநாளுக்கு அதான் போட்டுக்கிட்டா. பிரிக்கவே கூடாதுன்னு அம்மா சொல்லுவாங்க."

எதையுமே பறிகொடுக்காதவர்களுக்குத்தான் அப்படி நம்ப வரும்.

அன்றைக்கே பிரித்தாள். தமாகியின் துணியில் புது நூலைத் தேநீரில் நனைத்து மங்கலாக்கித் தைத்தாள். பழைய காப்பை நீலத் துணியில் வைத்தாள். பன்னிரண்டு அறை கிடைத்தால் அம்மாவின் கையை ஐஸிலிருந்து எடுத்துவிடலாம் என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். பொய். தமாகி ஒரே ஒரு தடவை தோற்க வேண்டும். அவ்வளவுதான்.

நீலத் துணியைச் சந்தைக்காரன் விற்கக்கூட இல்லை. மற்றதோடு சேர்த்துப் பையில் திணித்து, "இதையும் கொண்டு போயிடும்மா" என்றான். அதன் தையல்களைப் பிரித்தபோது வழக்கமாக மடிப்பில் சிக்கியிருக்கும் பஞ்சுத்தூசி வரவில்லை. மையாய்க் கறுத்த வண்டல் வந்தது. காய்ந்த பாசி இழை ஒன்று, தலைமுடி மாதிரி. செய்தித்தாளில் தட்டிக் கொட்டினாள். பட்டில் ஒரு தரம் ஊசி இறங்கினால் அந்தத் துளை மூடாது. இந்த முதுகில் ஒரு துளைகூட இல்லை. அந்தப் பிள்ளைக்கு யாரும் ஒரு தையல் போட்டதில்லை.

இரண்டாம் நாள் நூல் சட்டத்தின் கீழ்க்கட்டையைத் தாண்டியது. பயம் வந்தது, அதைவிட வேகமாக வேறொன்றும் வந்தது: அது அழகாக இருந்தது. நீலத்தின் நடுவே ஒரே ஒரு சிவப்புக் கோடு, வெட்டிய காயம் மாதிரி. படம் எடுத்து விடுதியின் பொறுப்பாளர் ஹதானோவுக்கு அனுப்பினாள். அரைமணி நேரத்தில் பதில் வந்தது: 'அந்த நூல்தான் மொத்த வேலையும். தயவுசெய்து நுனியைக்கூட வெட்டிவிடாதீர்கள்.' அதைப் பதினைந்து தடவை படித்தாள்.

மூன்றாம் நாள் நூல் பாயில் படுத்துக் கிடந்தது. அன்று அம்மா நண்டுக் கால்களைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தாள்.

"மிவா, செத்தவங்க துணியத் தொங்கவிடறதுக்கா காலேஜ் போன?"

"இது கலைம்மா."

"நண்டு ஓடும் செவப்பாத்தான் இருக்கு. அதையும் மாட்டேன், அழகா இருக்கும்." அம்மா பாவாடையைத் தூக்கிக்கொண்டு நூலைத் தாண்டினாள், தூங்குகிற பிள்ளையைத் தாண்டுகிற மாதிரி. தாண்டியவள் நின்றாள். மூக்கைச் சுளித்தாள். "சேறு நாறுது. குளிக்கற தொட்டியத் தொறந்து பாத்தியா?"

"நேத்துதான் கழுவினேன்."

"கடலு நாத்தம் இல்ல இது. வாய்க்கா." சந்தையில் முப்பது வருடம் இருந்த மூக்கு. அது தப்பாது.

நான்காம் நாள், சட்டங்களை விடுதிக்குக் கொண்டுபோக வேண்டிய நாளுக்கு முந்தின நாள், மூன்றரை மணிக்கெல்லாம் வெளிச்சம் வற்றத் தொடங்கியது. கடலில் மீனை எழுப்பும் என்று சொல்கிற பனிக்கால இடி தூரத்தில் ஒரு பெரிய பலகையை இழுத்துப் போடுவது போல உருண்டு ஓய்ந்தது. அது ஓய்ந்த பிறகுதான், கூரையிலிருந்து பனி சரிகிற சத்தத்துக்கும் கணப்பில் மண்ணெண்ணெய் சொட்டுகிற சத்தத்துக்கும் அடியில், குளியலறையிலிருந்து வருகிற இன்னொரு சத்தம் மிவாகோவின் காதில் விழுந்தது. ஈரத் துணியை யாரோ மெதுவாகப் பிழிந்து, விட்டு, மறுபடி பிழிகிற சத்தம்.

நூல் பாயைக் கடந்திருந்தது. நிலைப்படியைக் கடந்திருந்தது. இருட்டிய நடையில் விளக்குப் போடாமல், அதன் சிவப்பை மட்டும் பார்த்துக்கொண்டு, சுவரைத் தடவிப் போனாள். சேற்று வாடை ஒவ்வோர் அடிக்கும் தடித்தது. நூல் குளியலறைக்குள் போயிருந்தது. தொட்டியின் மேல் பலகை பலகையாக அடுக்கிய மூடி. இரண்டு பலகைக்கு நடுவே இருந்த இடுக்கில் நூல் இறங்கியிருந்தது.

தளர்வாக இல்லை. விறைத்து இருந்தது.

கையில் கத்தரிக்கோல் இருந்தது. எப்போது எடுத்தாள் என்று தெரியவில்லை. இரண்டு அலகுக்கும் நடுவே நூலை வைத்தாள்.

போன் அடித்தது. தமாகி. ஒலிபெருக்கியைப் போட்டுத் துணி கழற்றி வைக்கிற பலகை மேல் வைத்தாள்.

"மிவாகோ, ஒண்ணு கேப்பேன், கோவிச்சுக்கக் கூடாது."

"கேளு."

"எங்க காப்பு. நேத்து வந்தப்ப நீ வாசல்ல கொண்டாந்து காட்டினியே, அப்பவே தோணிச்சு. நூலு புதுசா இருக்கே. மாத்திட்டியா?"

மிவாகோ அலகுகளை இன்னும் கொஞ்சம் நெருக்கினாள்.

"பழசு இத்துப் போயிருந்தா பரவால்லடி. எடுத்து வச்சிருந்தா இப்பவே வந்து வாங்கிக்கறேன். ரெண்டு நாளா கொதோனே முதுகுல யாரோ கை வைக்கறாங்கன்னு சொல்லிட்டே இருக்கா. எனக்கும் பைத்தியம் புடிக்குது போல." சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "ஹதானோ வேற உன் நூலப் பத்தியே பேசிட்டிருந்தாரு. எனக்கென்னவோ நீதான் ஜெயிக்கப் போற. ஜெயிச்சுக்கோடி. காப்ப மட்டும் குடுத்துடு."

ஜெயிச்சுக்கோ. மிச்சச் சோற்றைத் தட்டில் தள்ளுகிற மாதிரி.

"நான் எதையும் தொடல" என்றாள் மிவாகோ. "நீ குடுத்தப்ப எப்படி இருந்ததோ அப்படியேதான் இருக்கு."

"அப்படியா. சரி. நீ சொன்னா சரிதான்." பிறகு, போனிலிருந்து முகத்தைத் திருப்பி, "கொதோனே? தோட்டத்துக் கதவ யாரு தொறந்தது? பனில எறங்காதம்மா. கொதோனே."

நூல் நடுங்கியது.

பின்னால் அறையில் மரம் பாயில் உராய்ந்தது. சட்டம். நூல் அதை இழுக்கிறது. ஒரு சாண் நகர்ந்தது. நின்றது. மறுபடி நகர்ந்தது. நிலைப்படியில் இடித்தால் முதுகுப் பட்டு இரண்டாகக் கிழியும். நாளைக்கு மதியம். பன்னிரண்டு அறை.

கத்தரிக்கோலைக் கீழே போட்டாள். நூலை இரண்டு கையாலும் பிடித்தாள். உள்ளங்கையில் இரண்டு சுற்றுச் சுற்றினாள். இழுத்தாள்.

கனம்.

துணியின் கனம் இல்லை. தூக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பிள்ளையின் கனம்.

சிவப்புச் சாயம் மணிக்கட்டு வழியாக ஓடியது. காலைத் தொட்டியில் ஊன்றிக்கொண்டாள். இழுத்தாள். ஒரு பலகை எழும்பியது. அடுத்த பலகை. கறுத்த தண்ணீர் வழிந்து பாதத்தைச் சுட்டது, அவ்வளவு குளிர்.

முதலில் பிடரி வந்தது. முகம் அந்தப் பக்கம். காதோடு வெட்டிய முடி, அதில் பாசி. பிறகு முதுகு. நீல முதுகு. நூல் அங்கேதான் முடிந்தது, தோலில், ஒன்பது தையலில்.

சாமி இழுப்பதும் இப்படித்தான் இருக்குமோ. முதுகுப் பக்கமாக.

போனில் தமாகி ஓடிக்கொண்டிருந்தாள். பனி நொறுங்கியது. "கொதோனே." தண்ணீர்ச் சத்தம். "கொதோனே. கொதோனே."

கனம் இரட்டித்தது.

நீல முதுகுக்குப் பக்கத்தில், தொட்டியின் விளிம்பில், இன்னொரு கை வந்து பற்றியது. ஜிப் வைத்த கோட்டின் கை. உருண்டையான விரல்கள். மிவாகோவின் முழங்காலில் அது உரசியது. சூடாக இருந்தது.

"மிவாகோ." போன் அழுதது. "தண்ணில... பாப்பா வாய்க்காத் தண்ணில... கண்ணுக்கே தெரியலடி. யாரையாவது அனுப்பு. மிவாகோ."

ஒரு கையை நீட்டினால் எட்டும். நீட்டினால் நூல் போய்விடும்.

நீலக் குழந்தை தலையைச் சாய்த்து அந்தச் சூடான கையைப் பார்த்தது. பார்க்கிற விதம் மிவாகோவுக்குத் தெரிந்ததுதான்; தமாகியை அவள் பார்க்கிற விதம். அது தன் ஊறிய, வெளுத்த விரல்களை நீட்டி, விளிம்பைப் பற்றியிருந்த சுண்டுவிரலைப் பிடித்தது. நிமிர்த்தியது. விலக்கியது.

அடுத்த விரல்.

கோபம் இல்லாமல். அவசரம் இல்லாமல். பட்டு கிழியாமல் தையல் பிரிக்கிற மாதிரி.

மிவாகோ நூலை இன்னும் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டாள்.

மூன்றாவது விரல்.