நனையாத முதுகு

அவன் சட்டையில் வியர்வை இல்லை.

அவள் அதை முதலில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொள்ளும் மனநிலையிலும் இல்லை. பகல் பதினொன்றரை மணி. இலை அசையாத காடு. அழுகிய பழமும் ஈர மண்ணும் கலந்த வாடை மூக்கை அடைக்க, பூச்சிகளின் ரீங்காரம் காதுக்குள்ளேயே குடியேறிவிட்ட மாதிரி விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. இருபதடி முன்னால் கற்படிகளில் ஏறிக்கொண்டிருந்த புருஷனின் நீலக் கட்டம் போட்ட சட்டை மட்டும் அப்போதுதான் இஸ்திரி போட்டு எடுத்ததுபோல் மொடமொடவென்று இருந்தது. மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து சாப்பிட்டாலே முதுகு தொப்பலாக நனைந்துபோகிற ஆள் அவன். ஒன்பது வருடமாக அந்தச் சட்டைகளைக் கசக்கிப் பிழிந்தவளுக்குத் தெரியாதா?

'ஆமாம், இவருக்கு எதுக்கு வேர்க்கணும்? வேர்க்கிறதெல்லாம் எனக்குத்தானே' என்று பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த படியில் காலை வைத்தாள்.

அவன் கையைப் பிடித்துக்கொண்டு அவர்களுடைய ஆறு வயது மகள் ஏறிக்கொண்டிருந்தாள். ஓயாமல் கீச்கீச்சென்று பேசுவதால் வீட்டில் அவளுக்குச் சிட்டு என்று பெயர். மஞ்சள் கவுன், இரட்டைச் சடை, சிவப்பு ரிப்பன்.

இந்தத் தீவைச் சுற்றிப் பார்க்க வந்ததே அவன் யோசனை. அருவி இருக்கிறது, உச்சியில் பழங்காலத்துக் கற்சிலைகள் இருக்கின்றன, போய்விட்டு வந்தால் மனசு லேசாகும் என்று ஒரு வாரமாக ஒரே அன்பு. அந்த அன்பு எதற்கு என்பது இன்று காலை படகில்தான் தெரிந்தது. கடல் பச்சையிலிருந்து நீலமாக மாறும் இடத்தில் எல்லாரும் போனை நீட்டிப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, அவள் முகத்தைப் பார்க்காமல், கடலைப் பார்த்துச் சொன்னான்.

"எனக்கு மாத்தல் வந்துடுச்சு. சிட்டுக்கு அங்க ஸ்கூல்ல இடம் வாங்கிட்டேன். இங்க டி.சி.க்கும் எழுதிக் குடுத்தாச்சு."

"எப்போ?"

"போன வாரம். நீ வேணா ஆறு மாசம் கழிச்சு வேலைய விட்டுட்டு வா. அதுவரைக்கும் அவள நான் பாத்துக்கறேன்."

"என்கிட்ட ஒரு வார்த்த கேட்கணும்னு தோணலையா உங்களுக்கு?"

"வீட்ல சொன்னா நீ கத்துவ. இங்க நாலு பேர் இருக்காங்க. அதான்."

அதான். பெற்ற பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு போகிறேன் என்று சொல்வதற்கு, அவள் கத்த முடியாத இடமாகப் பார்த்துக் கூட்டி வந்திருக்கிறான். உள்ளங்காலிலிருந்து உச்சந்தலைவரை எரிந்தது அவளுக்கு. படகுத்துறையில் இறங்கியதும் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுது தீர்த்தாள். வெளியே வந்தபோது அவனும் சிட்டுவும் மலைப் பாதையில் ஏற ஆரம்பித்திருந்தார்கள். காத்திருக்கவில்லை. எப்போதுமே அவன் காத்திருந்ததில்லை. கடைத்தெருவுக்குப் போனாலும் பத்தடி முன்னால்தான் நடப்பான்.

கூப்பிடக் கூடாது என்று முடிவு செய்தாள். அவனாகத் திரும்பட்டும்.

அவன் திரும்பவில்லை. அவள் வேகமாக ஏறினாலும் இடைவெளி குறையவில்லை. மூச்சு வாங்கி நின்றால் அவர்களும் நின்றார்கள், முதுகைக் காட்டியபடியே. அவள் நடந்தால் நடந்தார்கள். வேண்டுமென்றே வெறுப்பேற்றுகிறான் என்று அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

அருவிக்குப் பக்கத்தில் பாதை குறுகி, சாரலுக்கு நடுவே போனது. நாலே எட்டில் அவள் தலைமுதல் கால்வரை நனைந்துவிட்டாள். முன்னால் சிட்டுவின் கவுனும் முதுகோடு ஒட்டிக்கொண்டது. அந்த நீலச் சட்டையின்மேல் ஒரு துளி விழவில்லை. அங்கேதான் சிட்டு திரும்பிப் பார்த்தாள். ஈர முகம். கீழுதடு பிதுங்கியிருந்தது, அழுவதற்கு முன்னால் பிதுங்குமே, அப்படி.

"அம்மா. அப்பா பேசவே மாட்டேங்கறாங்க."

ஓடிப்போய் அள்ளியிருக்கலாம். ஆனால் அந்த நேரத்தில் அவள் கண்ணுக்கு மகள் தெரியவில்லை, டி.சி.தான் தெரிந்தது.

"உங்கப்பா கூடவே போ. இனிமே அவர்தானே உன்னைப் பாத்துக்கப் போறாரு."

சிட்டு திரும்பிக்கொண்டாள்.

சொன்ன மறு நொடியே நெஞ்சு சுருக்கென்றது. இரவு மடியில் போட்டுச் சமாதானம் செய்துகொள்ளலாம் என்று தன்னையே தேற்றிக்கொண்டு நடந்தாள்.

அருவிச் சத்தம் பின்னால் தேய்ந்தது. பூச்சிகளும் ஓய்ந்துவிட்டன. எப்போது ஓய்ந்தன என்று தெரியவில்லை. பாதையெங்கும் காய்ந்த சருகு கிடந்தது, அவள் காலடியில் மட்டும் நொறுங்கியது. பெரிய ஈரக் கல்லைப் புரட்டினால் அடியிலிருந்து வருமே, அந்தக் குளிர்ந்த வாடை மேலேயிருந்து இறங்கி வந்தது.

வளைவில் குடை பிடித்த ஒரு நடுத்தர வயதுப் பெண் தனியாக இறங்கி வந்தாள். நின்று மூச்சு வாங்கினாள்.

"முன்னாடி போறது உங்க வீட்டுக்காரரா?"

"ஆமா."

"எதிர்லதான் வந்தேன். அப்பாவும் சரி, பொண்ணும் சரி, மூஞ்சியவே காட்டல. கோவமா?"

"எனக்கே காட்டறதில்லீங்க" என்றாள் இவள்.

அந்தப் பெண் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டாள். ஏதோ சொல்ல வந்தவள், தலையை ஆட்டிவிட்டு, வேகவேகமாக இறங்கிப் போனாள்.

போன் அடித்தது. திரையில் புருஷன் பெயர். கண்ணெதிரே நடந்துகொண்டே போன் பண்ணுகிறான், திரும்பி ஒரு வார்த்தை பேச வலிக்கிறது. துண்டித்தாள். மறுபடி அடித்தது. மறுபடி துண்டித்தாள்.

பிறகுதான் அவனுடைய கைகளைப் பார்த்தாள். வலது கை சிட்டுவைப் பிடித்திருந்தது. இடது கை தொங்கிக்கொண்டிருந்தது. விரல்கள் விரிந்து, காலியாக.

ஆஸ்பத்திரியில் பதினோரு வருடமாக எக்ஸ்ரே எடுக்கிறவள் அவள். நெஞ்சைத் தகட்டில் ஒட்டி நிற்கவைத்து, மூச்சை இழுத்துப் பிடிங்க என்று ஒரு நாளைக்கு நாற்பது பேரிடம் சொல்கிறவள். முகங்களைவிட முதுகுகள்தான் அவளுக்குப் பழக்கம். மூச்சு விட்டால் முதுகு எப்படி விரியும், நடந்தால் தோள்பட்டை எலும்பு எப்படி நகரும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். செங்குத்தான படிகளில் ஒரு மணி நேரமாக ஏறுகிற அந்த முதுகு விரியவில்லை. சுருங்கவில்லை. தோள்பட்டை நகரவே இல்லை.

மூன்றாவது முறை போன் அடித்தது. எடுத்தாள்.

"ஏன் கட் பண்ற? எங்க இருக்கீங்க ரெண்டு பேரும்?" அவன் குரல்தான். பின்னால் படகு மோட்டார் உறுமியது.

"நீங்க எங்க இருக்கீங்க?"

"படகுத்துறைலதான். ஆபீஸ் கால் இப்பதான் முடிஞ்சுது. ஒரு மணி நேரம் உயிர வாங்கிட்டாங்க. சிட்டு தண்ணி குடிச்சாளா?"

அவள் முன்னால் நின்ற நீலச் சட்டையைப் பார்த்தாள்.

"அவ… உங்க கூடத்தானே."

"என்ன உளர்ற? நீ பாத்ரூம்ல இருந்தப்பவே, அம்மாகிட்ட போன்னு அனுப்பினேனே. உன்கிட்ட வரலையா? ஏய், சொல்லு. குழந்த எங்க?"

போன் கையிலிருந்து நழுவிப் படிகளில் உருண்டது. அவன் கத்துவது கீழே எங்கோ சின்னதாகக் கேட்டது.

அவள் ஓடினாள்.

படிகள் முடிந்து வெட்டவெளி வந்தது. பாறைச் சுவர். சுவர் முழுக்க ஆள் உயரச் சிலைகள், வரிசையாக, எல்லாம் முதுகைக் காட்டி. பார்க்க வந்த பழங்காலத்துச் சிலைகள். முதுகுத்தண்டு, விலா, பிடரி எல்லாம் அச்சாக. ஒன்றுக்கும் முகம் இல்லை. முகம் இருக்க வேண்டிய பக்கம் பாறைக்குள் புதைந்திருந்தது. பெரியவர்களுக்கு நடுநடுவே சின்ன உருவங்களும் இருந்தன. பெரிய கைகளைப் பிடித்தபடி.

நீலச் சட்டை சுவருக்கு நேராகப் போய் நின்றது. பக்கத்தில் மஞ்சள் கவுன்.

கவுன் காய்ந்திருந்தது. மொடமொடவென்று.

அருவியில் நனைந்து கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

"சிட்டு."

தொண்டையைக் கிழித்துக்கொண்டு மறுபடி கூப்பிட்டாள். அடக்கி வைத்திருந்த கோபமெல்லாம் அந்தக் குரலில் வந்தது. "சிட்டு, அம்மா சொல்றேன், கைய விடு. என்கிட்ட வா. டேய், என் பொண்ண விடுடா. அவ என் பொண்ணு."

சின்ன விரல்கள் பிடியை விட்டன. நீலச் சட்டை அசையவில்லை.

சிட்டு திரும்பினாள்.

இந்தப் பக்கமும் இரட்டைச் சடை. சிவப்பு ரிப்பன். நடு வகிடு. கவுனின் பின்பக்கத்து நாலு பட்டன், காலையில் அவளே போட்டுவிட்டவை.

"அம்மா" என்றது குரல். அந்தக் கூந்தலுக்குள்ளிருந்து. கீச்சென்று, சந்தோஷமாக.

இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு அது அவளைப் பார்த்து ஓடிவந்தது. ஓட வேண்டும், படிகளில் இறங்கி ஓட வேண்டும் என்று புத்தி கதறியது. அவள் மண்டியிட்டாள். கைகள் தாமாக விரிந்தன.