தோல் துரைக்கு ஒரு கத்தி

செல்போன் அலறியது.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் பில்லிங் செக்‌ஷனில் உட்கார்ந்திருந்த ஹெப்சி எடுத்தாள்.

"ஹெப்சி... பஞ்சாண்ணாவக் குத்திட்டாங்க!"

கேமராமேன் ரஃபி அகமதுவின் குரல் உதறியது.

"இன்னா பாய் உளர்றீங்க?"

"ஷூட்டிங் ஸ்பாட்ல, அந்தப் பழைய தோல் டேனரி செவுத்துல சாஞ்சி உக்காந்திருந்தாரு. ரிகர்சல் பண்றாருன்னு நெனச்சி நான்பாட்டுக்கு ஸ்டாண்டுல கேமராவ மாட்டினேன்... கிட்டப் போனா சட்டையெல்லாம் ரத்தம்! உசுரு இல்ல ஹெப்சி!"

ஹெப்சி பில் கட்டை அப்படியே போட்டுவிட்டு எழுந்து ஓடினாள்.

2009-ல் ஆம்பூரிலிருந்து இன்டர்நெட்டில் காமெடித் தொடர் போடுகிற பைத்தியங்கள் இந்த மூன்று பேர்தான். ஹெப்சி எழுதுவாள். ரஃபி தன் கல்யாண வீடியோ கேமராவில் பிடிப்பான். தோல் வெட்டும் கட்டிங் செக்‌ஷன் தொழிலாளி பஞ்சாட்சரம் நடிப்பார்.

'தோல் துரை தர்பார்!'

வெள்ளை சஃபாரி, கூலிங்கிளாஸ், வாயில் சுருட்டு... தோல் பதனிடும் டேனரியின் கொடுமைக்கார முதலாளியாக வெளுத்துக் கட்டுவார் மனுஷன்.

வரவேற்பு?

நாலு எபிசோடு போட்டும் பார்த்தவர்கள் நூறு பேரைத் தாண்டவில்லை. அதில் பாதி, பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து ஹெப்சியே பார்த்தது. கீழே ஒரே ஒரு கமெண்ட். 'வேற வேலை இல்லையா?'

அப்புறம்தான் ஹெப்சிக்கு அந்த மிரட்டல் போன் வந்தது. பேசியது டேனரி அதிபர் தேவானந்தத்தின் மேனேஜர்.

"எங்க முதலாளியத்தானே நக்கல் பண்றே? தோல உரிச்சிடுவோம்!"

இப்போது பஞ்சாட்சரம் பிணம்!

*

"அந்த தேவானந்தம்தான் மேடம்! வேற யாரு?"

மறுநாள் காலை. போலீஸ் ஸ்டேஷனில் ஹெப்சி கத்தினாள்.

இன்ஸ்பெக்டர் விஜயகுமாரி கையமர்த்தினார்.

"கத்தாதம்மா. அவருதான் இவரு."

எதிர் நாற்காலியைக் காட்டினார். ஹெப்சி திகைத்தாள். சாயம்போன அரைக்கைச் சட்டை. ஒல்லி உடம்பு. பள்ளிக்கூட கிளார்க் மாதிரி ஒருவர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு இன்டர்நெட்டே தெரியாதும்மா. மேனேஜர் ஏதோ வாய்க்கு வந்தத பேசிட்டான்" என்றார் தேவானந்தம்.

"பொய்!"

அப்போதுதான் வாசலில் அந்த ஆள் வந்து நின்றான். ஐம்பது வயசிருக்கும். கையில் துண்டு சுற்றிய ஏதோ ஒன்று.

மேஜைமேல் வைத்து விரித்தான்.

கத்தி! ரத்தம் காய்ந்த கத்தி!

"மேடம்... முதலாளியக் கொன்னுட்டேன்."

"எந்த முதலாளிய?"

"தேவானந்தம் முதலாளிய."

டீ கிளாஸ் பாதி வழியில் நின்றது!

விஜயகுமாரி நிதானமாகக் கேட்டார். "உன் பேர் இன்னா?"

"பெருமாளுங்க. அவரு டேனரில காண்ட்ராக்ட் ஆளு. எம் புள்ளயும் அங்கதான். கழிவுத் தொட்டில எறக்கினாங்க... விஷ வாயு அடிச்சி உள்ளயே போய்ட்டான்."

"முதலாளிய நேர்ல பார்த்திருக்கியா?"

"எங்களுக்கு மேஸ்திரிதான் மேடம். முதலாளிய செல்லுலதான் பார்த்தேன். யாரோ புளூடூத்துல அனுப்பினாங்களாம். டீக்கடையில ஒருத்தன் காட்டினான். 'இதாண்டா உங்க முதலாளி'ன்னான். வெள்ளச் சட்ட, கறுப்புக் கண்ணாடி. 'தொட்டில செத்தவன் தொட்டிய அசிங்கம் பண்ணிட்டான்... கழுவுற கூலிய அவன் அப்பன் சம்பளத்துல புடி'ன்னு சொல்லிச் சிரிச்சாரு. கடையில எல்லாரும் சிரிச்சாங்க..."

ஹெப்சி நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

அவள் எழுதிய வசனம்! தொட்டியில் ஒருவன் செத்தான் என்று கேள்விப்பட்ட அன்று, வயிறெரிந்து எழுதியது. முதலாளிக்கு உறைக்கட்டும் என்று எழுதியது... போய்ச் சேர்ந்தது யாரிடம்!

"நேத்து பூட்டிக் கெடக்குற பழைய டேனரி வழியா வேலைக்குப் போய்ட்டிருந்தேன். அவரு தனியா நின்னுட்டிருந்தாரு. அதே சட்ட, அதே கண்ணாடி. போயி, 'எம் புள்ள சாவுக்கு இன்னா பதில்?'னு கேட்டேன்."

"அவர் என்ன சொன்னார்?"

"சிரிச்சாரு மேடம். 'யோவ், தொட்டியக் கழுவிட்டியா?'ன்னாரு."

ஹெப்சிக்குப் புரிந்துவிட்டது. பாவி மனுஷன்! முதல்முதலாக ஒரு ரசிகன் தேடி வந்து வசனம் பேசுகிறான் என்று பூரித்துப்போய், பதில் வசனத்தை எடுத்து விட்டிருக்கிறார்!

விஜயகுமாரி தொண்டையைச் செருமினார்.

"பெருமாள்... செத்தது முதலாளி இல்லப்பா. உன்ன மாதிரி ஒரு தொழிலாளி. வேஷம் கட்டியிருந்தாரு. முதலாளி... இதோ."

பெருமாள் திரும்பினான். சாயம்போன சட்டையையும் டீ கிளாஸையும் பார்த்தான். காற்றுப் போன மாதிரி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"அவரு... ஆருங்க அவரு? புள்ளகுட்டி இருக்குதா?"

"ரெண்டு பொண்ணு" என்றாள் ஹெப்சி.

பெருமாள் தலையில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தான்.

தேவானந்தம் கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்தபடி எழுந்தார்.

"அப்பாடா! அப்ப எம்மேல கேஸ் எதுவும் இல்லையே மேடம்? நான் கிளம்பட்டுமா?"

விஜயகுமாரி வாசலைக் காட்டினார்.

அவர் ஹெப்சியைத் தாண்டும்போது ஒரு நொடி நின்றார்.

"அந்தாளு... அவ்ளோ நல்லா நடிப்பாராம்மா?"

ஹெப்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"உங்க சாவு சீனையே நடிச்சிக் குடுத்துட்டாரு சார்... ஒரே டேக்! கை தட்டிட்டுப் போங்க!"