நிலோஃபர் தோல்

சாத்தூர் வட்டாரத்தில் நூற்றுப் பதினோரு பேர் நிலோஃபரின் தோலோடு நடமாடினார்கள். பேருந்தில் பயணச்சீட்டு கிழிக்கும் கை, கறிக்கடையில் எடை போடும் கை, பட்டாசு ஆலையில் வெந்துபோய்த் திரும்பவும் அதே வேலைக்குப் போன கழுத்து என்று எங்கே திரும்பினாலும் அவள் தோல்தான். ஊரே சந்தோஷப்பட்டது, சண்முகவடிவைத் தவிர.

இருவருக்கும் தோல்நாற்றகத்தில் வேலை. நெல்லுக்கு நாற்று விடுவதுபோல் அங்கே மனிதத் தோலணுக்களை ஊட்டநீரில் விட்டு வளர்ப்பார்கள். முன்பெல்லாம் வெந்தவரின் தோலையே கிள்ளி எடுத்து வளர்த்தார்கள். அது விரிந்து வர மூன்று வாரம் ஆகும். பாதிப் பேருக்கு அவ்வளவு அவகாசம் இருக்காது. பிறகு, தோலணுவின் மேல் ஒட்டியிருக்கும் 'நான் இன்னார்' என்ற அடையாளத்தை வழித்தெடுக்கும் வித்தை கைவந்தது. அடையாளம் போன தோலை எந்த உடம்பும் அந்நியம் என்று விரட்டாது. ஒரே ஒருவரின் தோலை முன்கூட்டியே வளர்த்து வைத்தால் ஊருக்கே போடலாம். அதற்குத் தாய்த்தோல் என்று பெயர்.

யாருடைய தோல் என்ற கேள்வி வந்தபோது நாற்றகத்தின் பதினொரு ஊழியர்களும் கையை நீட்டினார்கள். ஆளுக்கு மிளகளவு. எல்லோருடையதிலும் அடையாளத்தை வழித்துவிட்டுத் தனித்தனிக் குடுவையில் விட்டார்கள். நிலோஃபரின் அணுக்கள் ஒரே நாளில் இரட்டித்தன. வடிவின் அணுக்களோ அழைப்பில்லாத கல்யாணத்துக்குப் போனவர்கள் மாதிரி குடுவையின் அடியில் ஒட்டியும் ஒட்டாமலும் கிடந்தன. நிலோஃபர் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம், வடிவு பதினாறு வருஷம். தோலுக்கு சீனியாரிட்டி தெரியவில்லை.

குணமானவர்கள் வந்து நிலோஃபரின் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். அதிரசமும் பூவுமாகத் தட்டுகள் வந்தன. ஒரு தகப்பன் பிறந்த மகளுக்கு அவள் பெயரையே வைத்தான். வடிவுக்கு வயிறு எரிந்தது. நிலோஃபர் கையிலிருந்து அந்த மிளகளவைக் கிள்ளி எடுத்தவளே அவள்தான். வீட்டில் கண்ணாடி முன் நின்று தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இதற்கு என்ன குறைச்சல் என்று கேட்டுக்கொள்வாள்.

தோற்ற பத்துப் பேரின் குடுவைகளையும் கொட்டிவிடச் சொன்னார் நாற்றகத் தலைவர் டாக்டர் ஞானதுரை. வடிவு ஒன்பதைக் கொட்டினாள். தன்னுடையதை, அணுக்களுக்கு உடம்புச் சூடு தரும் அடைகலனின் பின்வரிசையில் ஒளித்துவைத்தாள். மேசையில் ஒரு நேரத்தில் ஒருவருடைய அணுக்கள்தான் இருக்க வேண்டும், ஒரு குடுவைக்கு ஊற்றிய ஊட்டநீர்ப் புட்டி அடுத்ததற்கு ஆகாது என்பது நாற்றகத்தின் முதல் விதி. திருட்டுத்தனமாக வளர்ப்பவளுக்கு அதற்கெல்லாம் ஏது நேரம்? நிலோஃபர் டீ குடிக்கப் போகும் பத்து நிமிடத்தில், அவள் குடுவைக்கு ஊற்றிய கையோடு அதே புட்டியிலிருந்து தன்னுடையதற்கும் ஊற்றினாள்.

ஐந்தாவது வாரம் அவளுடைய அணுக்கள் பிடித்துக்கொண்டன. ஒரே நாளில் இரட்டிப்பு, மறுநாள் மறுபடியும். சந்தோஷம் தாங்காமல் குடுவையை ஞானதுரையிடம் கொண்டுபோனாள்.

"இன்னும் இத வச்சிருக்கீகளா?" என்று அவர் முகம் சுளித்தார். "நல்லாத்தான் வந்திருக்கு. ஆனா ஒரு தாய்த்தோலுக்குத்தான் அரசாங்கத்துல அனுமதி. கொட்டிருங்க வடிவு."

வடிவு கொட்டினாள். கொட்டியது நிலோஃபரின் குடுவைகளை. உறைபெட்டியில் சேமித்திருந்ததையும் விட்டுவைக்கவில்லை. அவற்றின் இடத்தில் தன்னுடையதை வைத்து, நிலோஃபரின் பெயர்ச்சீட்டை ஒட்டினாள். யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லையே என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு ஓராண்டு அவள் வேறு ஆளாக இருந்தாள். கட்டுப் பிரிக்கிற வேலையைத் தானே கேட்டு வாங்கினாள். பட்டாசு ஆலையில் முழங்கைவரை வெந்த மாரித்தாய்க்குப் புதுத்தோல் பிடித்தபோது, பெற்ற பிள்ளையைத் தடவுவதுபோல் அந்தக் கையைத் தடவிக்கொண்டிருந்தாள். மாரித்தாய் கையை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "நிலோஃபர் பாப்பா தோலுன்னா சும்மாவா? பட்டுல்ல."

தன் தோலுக்கு இன்னொருத்திக்குப் பாராட்டு. பழைய எரிச்சலே தேவலை போலிருந்தது.

பிறகு ஒருநாள் ஞானதுரை எல்லோரையும் கூட்டி வைத்து லட்டு கொடுத்தார். தாய்த்தோல் இனி எல்லா மாவட்டங்களுக்கும் போகிறதாம். பெயர், 'நிலோஃபர் தோல்'. எல்லோரும் கைதட்டினார்கள். வடிவு லட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

"அது நிலோ தோலு இல்ல சார். என் தோலு."

குடுவை மாற்றியதை ஒன்றுவிடாமல் சொன்னாள். ஞானதுரை லட்டுத் தட்டை மேசையில் வைத்தார்.

"வேலை போயிரும், தெரியும்லா? கேஸும் வரும்."

"வரட்டும் சார். டெஸ்ட் எடுத்துப் பாத்துட்டு பேரை மட்டும் மாத்துங்க."

வழித்தெடுத்தது மேலடையாளத்தைத்தான், உள்ளே மரபணு அப்படியே இருக்கும். சோதனை முடிவு வர மூன்று நாள். அதற்குள் சேதி ஊருக்குள் போய்விட்டது. வேலைக்கு வராதே என்று சொல்லியும் வடிவு நாற்றகத்து வாசலில் வந்து உட்கார்ந்தாள். மாரித்தாய் தேடிக்கொண்டு வந்து அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றினாள். "இத்தன நாளா ஒரு வார்த்த சொல்லலையேம்மா," என்று அழுதாள். பின்னாலேயே இன்னும் ஏழெட்டுப் பேர் வந்தார்கள். வடிவு அவர்கள் கைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். நிலோஃபர் ஜன்னலோரம் வந்து ஒரு தடவை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நான்காம் நாள் ஞானதுரை அவளைக் கூப்பிட்டார்.

"மாத்துனதென்னவோ நெசந்தான். ஆனா மாத்துனது நிலோஃபருக்கு நிலோஃபர். ஒங்க அணு ஒண்ணுகூட அதுல இல்ல." அவர் குரலில் கோபம்கூட இல்லை. "ரெண்டு குடுவைக்கும் ஒரே புட்டியா?"

வடிவு தலையாட்டினாள்.

"அங்கதான். ஒரு சொட்டுல நாப்பது அணு தொத்தி வந்திருந்தாலே போதும். அது தெனம் ரெட்டிக்கிற சாதி. ஒங்களோட ஊட்டத்தையும் சேத்துச் சாப்ட்டு ஒங்களோடத மூச்சுமுட்ட வச்சிருக்கும்."

ஐந்தாவது வாரம் பிடித்துக்கொண்டது யார் என்று வடிவுக்கு அப்போதுதான் விளங்கியது. ஓராண்டாக அவள் ஆசை ஆசையாகத் தடவியதெல்லாம் நிலோஃபரை.

பணிநீக்க உத்தரவை வாங்கிக்கொண்டு, அலமாரியில் இருந்ததைப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தபோது நிலோஃபர் வந்து நின்றாள். சிரிக்கப் போகிறாள் என்று வடிவு நினைத்தாள். அவளோ வடிவின் முகத்தைப் பார்க்க முடியாமல் தவித்தாள்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். மூணு நாளா எனக்குச் சோறு எறங்கல. மாரித்தாயம்மா ஒங்க கையப் பிடிச்சு அழுதாகல்ல, அப்ப ஒங்களப் பாக்கப் பாக்க வயித்தெரிச்சலா இருந்துச்சு. ஒங்களுதா இருக்கக்கூடாதுன்னு தர்காவுல போயி வேண்டிக்கிட்டேன். தப்புத்தான். மன்னிச்சிருங்க."

வடிவு பையைக் கீழே வைத்தாள்.

"என்னப் பாத்தா?"

"ஆமாக்கா."

"நெசமாவா நிலோ?"

நிலோஃபர் தலையைக் குனிந்துகொண்டாள். வடிவு அங்கே கிடந்த பெஞ்சில் உட்கார்ந்து, பக்கத்தில் இடம்விட்டு நகர்ந்துகொண்டாள்.

"இப்படி உக்காரு," என்றாள். "மொதல்ல இருந்து சொல்லு. கையப் பிடிச்சப்பவே எரிஞ்சிச்சா, இல்ல அவ அழுதப்பயா?"