ஒத்துப்போன இரண்டு வயது

தன் வேலையும் போகும், பொய்க்காரி என்ற பெயரும் நிலைக்கும் என்று வீடு தேடி வந்த பாறை ஆய்வாளர் சொன்னபோது துப்பறிவாளர் நகம் வெட்டிக்கொண்டிருந்தார். பதற்றமெல்லாம் அவருடைய மைத்துனனுக்குத்தான். எந்த வழக்கு வந்தாலும் டீ ஆறுவதற்குள் யாரையாவது பிடித்து உள்ளே தள்ளத் துடிக்கிற பிறவி அவன்.

மலைக் குவாரியில் அவள் உடைத்துவந்த ஒரே கல்லில் இரண்டு வயது. உள்ளிருந்த சிர்கான் என்ற கடினமான தாது மணிகள் இருநூற்றைம்பது கோடி ஆண்டு என்றன. கூடவே இருந்த மைக்கா, அதாவது காக்காப்பொன், ஐம்பத்தைந்து கோடி என்றது. இடையில் மலை சூடேறி நசுங்கியிருக்கிறது, அந்தச் சூட்டில் மைக்காவின் வயதைக் காட்டும் கடிகாரம் அழிந்து புதிதாக ஓடத் தொடங்கியது, சிர்கான் மட்டும் தாக்குப்பிடித்தது என்று அவள் எழுதினாள். கருவி அறைப் பொறுப்பாளர் ஒப்புக்கொள்ளவில்லை. அதே பாறை அடுக்கில் ஒரு சாண் தள்ளித் தானும் ஒரு கல் உடைத்ததாகவும், அதில் இரண்டு வயதும் இருநூற்றைம்பது கோடியாகவே ஒத்துப்போவதாகவும் தாளை நீட்டினார். ஆக, அவள் வேறு கல்லின் பொடியைக் கலந்துவிட்டாள் என்று ஆய்வக இயக்குநர் முடிவுகட்டி, உள்ளே வரக் கூடாது என்றார். மறுநாள் விசாரணை.

"கலந்தது யாருன்னு பிடிச்சிடலாம், அத்தான்," என்றான் மைத்துனன்.

"கலந்தாங்களான்னு முதல்ல பார்ப்போம்."

விசாரணையன்று இயக்குநரின் அறையில் துப்பறிவாளர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: தாள் வேண்டாம், இரண்டு கல்லும் மேசைக்கு வரட்டும். பொறுப்பாளர் தயங்காமல் கொண்டுவந்தார். மைத்துனன் உருப்பெருக்கியை வாங்கிக் குனிந்தான். அவளுடைய கல்லில் வரிகள் மடித்த போர்வையாக வளைந்திருந்தன. மைக்காச் செதில்கள் எல்லாம் ஒரே பக்கமாகப் படுத்திருந்தன. மற்றதில் ஒரு வரி கூட இல்லை, செதில்கள் கண்டபடி கிடந்தன. அவனுக்கே விளங்கிவிட்டது, வாய் துறுதுறுத்தது. அத்தான் முகத்தைப் பார்த்து அடங்கினான்.

"ஒரு சாண் தூரத்துல மலை ஒரு பக்கம் நசுங்கி, மறுபக்கம் நசுங்காம இருக்காது," என்றார் துப்பறிவாளர். "அந்தச் சூட்டுல வெந்த கல்லுன்னா ரெண்டு வயசும் ஒத்துப்போகவே கூடாது. உங்க கல்லு ஒத்துப்போகுது. அப்ப அது அந்த மலைக் கல்லே இல்ல."

பொறுப்பாளர் அந்த மலை ஏறியதே இல்லை. கருவி சரியாக ஓடுகிறதா என்று சோதிக்க அலமாரியில் வைத்திருந்த கல்தான் அது. எண்கள் ஒத்துப்போனால் போதும் என்று இருபது வருடம் பழகியவர், கல்லின் முகத்தைப் பார்க்கத் தோன்றாமல் எடுத்துவிட்டார். அடுத்த தலைமைப் பதவி அவளுக்குப் போய்விடும் என்ற எரிச்சல்தான் காரணம் என்று மெல்லிய குரலில் ஒப்புக்கொண்டார்.

இயக்குநருக்கு மூச்சு வந்தது. நடந்ததை மறந்துவிட்டுத் திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொன்னார்.

"வர்றேன் சார். ஆனா நீங்களும் கல்லு பார்த்து வளர்ந்தவர்தானே?" என்றாள் அவள். "இந்த ரெண்டையும் ஒரு தடவை பக்கத்துல வெச்சுப் பார்த்திருந்தா, நான் இவங்க வீட்டுக் கதவைத் தட்டியிருக்க வேண்டாம்."

இயக்குநர் உருப்பெருக்கியை எடுத்து, இரண்டு கல்லையும் பக்கத்தில் நகர்த்திவைத்துக் குனிந்தார்.