ஆறாம் நிலையத்தின் வெளிக்கதவு

பரிசோதகர் வருகிறார் என்று ஆறாம் நிலையத்துக்கு யாரும் தகவல் கொடுக்கவில்லை. கொடுக்கக் கூடாது என்பது தலைமையகத் தலைவரின் உத்தரவு.

"முன்கூட்டியே மூச்சு விட்டுட்டா எல்லாத்தையும் துடைச்சு வெச்சிருவாங்க. நீங்க போய் நிக்கிறப்பதான் அவங்களுக்குத் தெரியணும்" என்று சொல்லிப் பரிசோதகரை வண்டியில் ஏற்றிவிட்டார்.

அவர் சந்தேகப்பட்டதற்குக் காரணம் இருந்தது. மனிதர்கள் அந்தக் கிரகத்தில் வந்து இறங்கியபோது அங்கே காற்று என்பது பெயருக்குத்தான். பதினாறு வருடங்களாக ஆறு நிலையங்களில் உலை மூட்டி, கல்லை வறுத்து, கல்லுக்குள் அடைந்து கிடந்த காற்றை வெளியே விட்டுக்கொண்டிருந்தார்கள். இன்னும் கொஞ்சம் அடர்த்தி கூடினால் கவச உடை தேவையில்லை, மூக்குக்கு ஒரு முகமூடி போதும். அதை நம்பி ஆயிரத்து இருநூறு குடும்பங்கள் கப்பலில் வந்துகொண்டிருந்தன. ஐந்து நிலையங்களைச் சுற்றிக் காற்று ஏறிக்கொண்டே போனது. ஆறாவது நிலையம் ஆழமான பள்ளத்தாக்கில் இருந்தது. காற்று முதலில் தேங்க வேண்டிய இடமே அதுதான். அங்கே மட்டும் ஒரு வருடமாக அளவு அசையவில்லை.

காற்றை அளப்பதுதான் பரிசோதகரின் தொழில். நாற்பது வயது. யார் சொன்னாலும் நம்ப மாட்டாள், கருவி சொன்னால் நம்புவாள் என்று அவளைப் பற்றிச் சொல்வார்கள்.

நண்பகலுக்குச் சற்று முன்னால் வண்டி பள்ளத்தாக்கில் இறங்கியது. பழுப்பு வெளிச்சம். புழுதி எழும்பி, விழ மனமில்லாததுபோல அப்படியே நின்றது. கவச உடையோடு இறங்கி வெளிக்கதவின் மணியை அழுத்தினாள். கதவில் கையகல வட்டக் கண்ணாடி ஒன்று. அதன் பின்னால் ஒரு கண் வந்து நின்றது. நெடுநேரம் நின்றது.

"தலைக்கவசத்துல விளக்கு போட்டு முகத்தைக் காட்டுங்க" என்றது காதுக்குள் ஓர் ஆண்குரல்.

காட்டினாள்.

"பேசுங்க."

"என்ன பேசறது? தலைமையகத்துலேர்ந்து பரிசோதகர் வந்திருக்கேன். கதவைத் திறங்க."

அதன் பிறகும் உடனே திறக்கவில்லை.

உள்ளே இருந்தவர்கள் இரண்டே பேர். உலைகளைப் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக்கும் அவர் மனைவியும். ஆறு நிலையங்களிலும் வானொலியில் பேசுகிறவர்கள் அந்த அம்மாளை 'அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"சொல்லாம கொள்ளாம வந்துட்டீங்களே மேடம்" என்று மெக்கானிக் சிரித்தார். "நாங்க ரெண்டே பேர். சண்டை வந்தா விலக்கிவிடக்கூட ஆள் கிடையாது."

அவர் பேச்சை நிறுத்தவே இல்லை. உலை, குழாய், தன் முழங்கால் வலி என்று ஒன்று முடிவதற்குள் இன்னொன்று. எதையும் இறைக்காமல் ஒரு பழைய பம்பு மூலையில் சும்மா கடகடத்துக்கொண்டிருந்தது. அக்கா பாத்திரத்தைக் கழுவி வைத்தாள். அதையே எடுத்து மறுபடியும் கழுவினாள். வெளிக்கதவுக்கும் உள்கதவுக்கும் நடுவே ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு ஓர் அறை. அந்த உள்கதவின் விளிம்பு முழுக்கப் பழைய போர்வையைக் கிழித்துத் திணித்திருந்தார்கள்.

"குளிருக்கா?" என்று கேட்டாள் பரிசோதகர்.

"ஆமா. குளிருக்குத்தான்" என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

நான்கு உலைகளும் ஓடுவதாகப் பதிவேட்டில் எழுதியிருந்தது. நான்காவது உலையின் வாயில் கை வைத்துப் பார்த்தாள். சில்லென்றிருந்தது. மூன்றாவதும் அப்படியே. பழுது ஒன்றும் இல்லை. எண்ணெய் போட்டுத் துடைத்து, புது மாப்பிள்ளை மாதிரி பளபளவென்று இருந்தது. நல்ல உலையை வேண்டுமென்றே அணைத்து வைத்திருக்கிறார்கள்.

கருவி அறைக்குப் போனபோது இன்னொன்றும் கண்ணில் பட்டது. காற்று ஏற ஏற வெளியே எழும் ஓசையையும் அது வரும் திசையையும் பதிவுசெய்வதற்காக ஒவ்வொரு நிலையத்தின் கூரையிலும் ஒரு மைக் உண்டு. இங்கே அதன் கம்பி அறுந்திருந்தது. தேய்ந்து அறுந்ததல்ல. கத்தரியால் வெட்டி, இரண்டு முனைகளுக்கும் தனித்தனியாக ஒட்டுநாடா சுற்றியிருந்தார்கள்.

முனைகளை முறுக்கிச் சேர்த்தாள். ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டாள்.

முதலில் காற்று. உமியைச் சலிப்பதுபோல ஓர் ஓசை.

பிறகு அதற்குள் இன்னொன்று.

"திற."

அவள் அசையவில்லை.

"திற."

ஓர் இளைஞனின் குரல். தொலைவில் இருந்து அல்ல.

திரும்பினாள். அக்கா வாசலில் நின்றிருந்தாள்.

"அதை ஏன் சேர்த்தீங்க?" என்றாள் கிசுகிசுப்பாக.

"வெளிய யாரு?"

"யாரும் இல்ல."

"ஒருத்தன் பேசறான்."

"காத்து மேடம் அது" என்றார் பின்னால் வந்த மெக்கானிக்.

"காத்து தமிழ் பேசாது" என்றாள் பரிசோதகர். "யாரை வெளிய நிறுத்தி வெச்சிருக்கீங்க?"

மெக்கானிக் முதன்முறையாகப் பேச்சை நிறுத்தினார். மூலைக்குப் போய் பம்பை அணைத்தார். அந்த அமைதியில் உட்கார்ந்து அக்காதான் சொன்னாள்.

ஒன்பது வருடங்களுக்கு முன்னால், பிறகு வேறு நிலையங்களுக்கு மாறிப்போனவர்களையும் சேர்த்து, இந்த நிலையத்தில் எட்டுப் பேர் இருந்தார்கள். அதில் ஒருவன் அக்காவின் தம்பி. உலையின் வெளிவாயில் அடைந்த புழுதியைத் தள்ள வெளியே போனவன் புயலில் மாட்டிக்கொண்டான். திரும்பி வருவதற்குள் உள்கதவின் ரப்பர் வளையம் கிழிந்துவிட்டது. அந்த நிலையில் வெளிக்கதவைத் திறந்தால் உள்ளே இருக்கும் காற்று மொத்தமும் போய்விடும். ஏழு உயிரும் போய்விடும். அவனிடம் இரண்டு மணி நேரத்துக்குத்தான் காற்று இருந்தது. வளையத்தை மாற்ற ஐந்து மணி நேரம் ஆனது.

"கண்ணாடியில முகத்தை வெச்சு நின்னான்" என்றாள் அக்கா. "அவன் வானொலி செத்துப்போச்சு. வெளிய சத்தம் வர்ற அளவுக்குக் காத்தும் கிடையாது. வாய் மட்டும் அசைஞ்சது. நான் கதவுப் பிடியைப் பிடிச்சுட்டேன். இவர் என் கையைப் பிடிச்சு இழுத்துட்டார்."

"திறக்க வேணாம்னு முடிவு பண்ணினது யாரு?"

மெக்கானிக் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

கொலையாக இருக்குமோ என்று பரிசோதகருக்கு ஒரு கணம் தோன்றியது. கதை பொய்யாக இருக்கலாம். வளையம் கிழியாமலே இருந்திருக்கலாம். மெக்கானிக்கின் முகத்தைக் கூர்ந்து பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. மைக்கின் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூணாவது உலைக்குப் பின்னால அவனைக் கிடத்தி நானே கல் அடுக்கினேன்" என்றார். "மேலே வெச்ச கல்லு ஒண்ணுகூட நகரல. தினமும் உள்ளேருந்தே கண்ணாடி வழியாப் பார்க்கறேன்."

போன வருடம் காற்று சற்று ஏறியதும் மைக்கில் ஏதோ வண்டு முரல்வதுபோலக் கேட்க ஆரம்பித்ததாம். காற்று ஏற ஏற அது குரலானது. பிறகு இந்த ஒரே சொல். பிறகு மைக் இல்லாமலே, கதவருகில் நின்றாலே கேட்டது. காற்று ஏறாமல் இருந்தால் குரலும் ஏறாது என்று உலைகளை ஒவ்வொன்றாக அணைத்தார்கள்.

"அன்னிக்கெல்லாம் அவன் கத்திட்டேதான் இருந்திருக்கான்" என்றாள் அக்கா. "எங்களுக்குத்தான் கேக்கல. இப்பக் கேக்குது."

பரிசோதகர் நெடுநேரம் ஹெட்போனைக் காதில் மாட்டியபடி உட்கார்ந்திருந்தாள். பயம் இருந்தது. பயத்தைவிட, ஏதோ சரியில்லை என்ற தொழில்காரியின் சந்தேகம் பெரிதாக இருந்தது.

"அக்கா, சொல் முழுசா வரல" என்றாள் கடைசியில். "மெல்லிசான காத்துல வார்த்தையோட தலைதான் நமக்கு வந்து சேரும். வால் பாதியிலேயே கரைஞ்சிடும். உங்க தம்பி வேற என்னமோ சொல்றார்."

அக்கா கணவரைப் பார்த்தாள். அவர் வேண்டாம் என்று தலையசைத்தார்.

"உலையைப் போடுங்க" என்றாள் அக்கா. "ஒரு வருஷமா பாதியையே கேட்டுட்டிருக்கேன். முழுசாக் கேட்டுடறேன்."

நான்கு உலைகளும் எரிந்தன. சூடான கல்லின் நெடி, காய்ந்த குளத்தில் முதல் மழை விழுந்தது மாதிரி, அறைகளுக்குள் பரவியது.

முதல் நாள்: "திற."

இரண்டாம் நாளும் அதுவே. ஆனால் முடிவில் ஒரு தேய்ந்த இழுவை.

மூன்றாம் நாள்: "திறக்..."

மெக்கானிக் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போனார்.

நான்காம் நாள் நண்பகலில் மூவரும் கருவி அறையில் ஒலிபெருக்கியின் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். வெளியே புழுதி தணிந்திருந்தது. உமி சலிக்கும் ஓசை தடித்து, உண்மையான காற்றின் ஓசையாக மாறியிருந்தது.

"அக்கா" என்றது குரல். தெளிவாக. பக்கத்து அறையில் இருந்து கூப்பிடுவதுபோல.

"அக்கா. திறக்காதே."

பரிசோதகர் ஓசையைக் கூட்டினாள்.

"திறக்காதே. அக்கா, திறக்காதே."

அக்கா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். மெக்கானிக் சுவரைப் பிடித்தபடி மெல்லத் தரையில் உட்கார்ந்தார். ஒன்பது வருடங்களாகத் தன் மனைவியின் முகத்தை நேராகப் பார்க்காத மனிதர் அன்றைக்குப் பார்த்தார். "அவனே வேணாம்னிருக்கான்" என்றாள் அவள். அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். சொல்லச் சொல்ல அழுகை சிரிப்பாகிக்கொண்டே வந்தது.

பரிசோதகரும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். துடைக்கும்போதுதான் அதைக் கவனித்தாள்.

குரலுக்கு அடியில் இன்னோர் ஓசை. இரும்பின் மேல் எதையோ வைத்து எடுப்பதுபோல.

டொக். டொக்.

கருவியில் திசையைப் பார்த்தாள். குரல் மூன்றாவது உலையின் பக்கம், கற்குவியல் இருந்த இடத்திலிருந்து வந்தது. தட்டும் ஓசை வெளிக்கதவில் இருந்து வந்தது.

இரண்டும் ஒரே நேரத்தில் கேட்டன.

"கதவுல என்ன சத்தம்?" என்று கேட்டாள்.

"வெயில் ஏறினா இரும்பு அப்படித்தான் தட்டும் மேடம்" என்றார் மெக்கானிக். அவர் முகத்தில் இத்தனை வருடத்துப் பாரம் இறங்கியிருந்தது. அந்த முகத்தைப் பார்த்து மேற்கொண்டு கேட்க அவளுக்கு மனம் வரவில்லை. கப்பலும் வந்துகொண்டிருந்தது. பரிசோதகர் தன் வாழ்க்கையில் முதல்முறையாகக் கருவியை விட்டுவிட்டு ஆளை நம்பினாள். உலைகள் சரி, காற்று ஏறுகிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பினாள்.

நாற்பது நாள் ஆனது. ஆறாம் நிலையத்தின் காற்று மற்ற ஐந்தையும் தாண்டி ஏறியது. முகமூடி போதும் என்ற அளவை முதலில் தொட்ட இடமே அதுதான். தலைவர் கூட்டத்தில் அவளைப் பெயர் சொல்லிப் பாராட்டினார்.

மறுநாள் காலை வானொலி அறையில் வேலை பார்ப்பவர் அவளைக் கூப்பிட்டார்.

"மேடம், ஆறாம் நிலையத்துக்கு வண்டி ஏதாவது போச்சா?"

"இல்லையே."

"நேத்து மத்தியானம் அவங்க வெளிக்கதவு ஒரு தடவை திறந்து மூடியிருக்கு. கதவு திறந்தா இங்க தானா பதிவாகும். வெளிய யாரும் போகல. போயிருந்தா திரும்பி வர்றதுக்கு இன்னொரு தடவை திறந்திருக்கணுமே."

அவள் ஒலிவாங்கியைப் பிடுங்கிக்கொண்டாள். இரண்டாவது அழைப்பிலேயே அக்கா எடுத்தாள். குரலில் அவ்வளவு உற்சாகம்.

"சொல்லுங்க மேடம். நல்லா இருக்கீங்களா?"

"அக்கா, கதவைத் திறந்தீங்களா?"

"ஆமா, திறந்தேன்."

"ஏங்க்கா? உங்க தம்பிதான் திறக்காதேன்னு சொன்னாரே."

"அது அன்னிக்கு. அன்னிக்கு வெளிய காத்து இல்ல, எங்க உயிர் போயிடும்னு வேணாம்னான். இப்பத்தான் காத்து இருக்கே. நீங்கதானே கையெழுத்துப் போட்டுக் குடுத்தீங்க. அவன் தட்டிட்டே நிக்கிறான், பாவம். எத்தனை நாள் கேட்டுட்டு உக்காந்திருக்கிறது?"

பரிசோதகர் ஒலிவாங்கியை வாயருகே இழுத்தாள்.

"உங்க வீட்டுக்காரரைக் கூப்பிடுங்க" என்றாள்.

"அவர் படுத்திருக்கார். எழுப்ப வேணாம்னு தம்பி சொல்றான்."

வானொலிக்காரர் அவள் தோளைத் தொட்டார். முகம் வெளுத்திருந்தது. பக்கத்தில் இருந்த இன்னொரு ஒலிபெருக்கியைக் காட்டினார். ஆறாம் நிலையத்துக் கூரையில் இருக்கும் மைக் அதில்தான் வந்துகொண்டிருந்தது. ஓசையை மெல்லக் கூட்டினார்.

"அக்கா. திறக்காதே."

அதே குரல். அதே திசை, கற்குவியலின் பக்கம்.

"அக்கா. திறக்காதே."

"இருங்க மேடம்" என்றாள் அக்கா வானொலியில். "தம்பி உங்ககூடப் பேசணுமாம்."

ஒலிவாங்கி கை மாறும் ஓசை கேட்டது. ஒரு மூச்சு. பிறகு ஓர் இளைஞனின் குரல், மிகவும் மரியாதையாக:

"வணக்கம் மேடம். அந்தக் குடும்பங்கள் எல்லாம் என்னிக்கு வந்து இறங்கறாங்க?"

மற்ற ஒலிபெருக்கியில் குரல் நின்றுவிட்டது. காற்று மட்டும் ஓடியது.

பிறகு அது மீண்டும் பேசியது. இந்தமுறை அக்காவைக் கூப்பிடவில்லை. முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் பேசுவதுபோலப் பேசியது.

"சொல்லாதீங்க."